டிஸ்சார்ஜுக்கு அப்புறம் யார் பார்ப்பது? இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி): வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பயிற்சியைப் பற்றிய சந்தேகம் கொஞ்சம்தான். எங்கே போவது, யார் வருவார்கள், காசு யார் கொடுப்பது, சொல்லிக்கொடுப்பதை நம்பலாமா என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

"அப்பாவுக்கு 62 வயது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் செய்யும்போது 'பிசியோதெரபி செய்யவும்' என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிசியோ ஒரு சிட்டிங்குக்கு 500 ரூபாய் வாங்கினார், இரண்டு வாரத்துக்கு மேல் எங்களால் கொடுக்க முடியவில்லை. இப்போது கால் ஓரளவு வந்துவிட்டது, கை இறுகிக்கொண்டே போகிறது, தோளைத் தொட்டாலே கத்துகிறார். மூன்று மாதம் ஆகிவிட்டது, இனி வராது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விட்டுவிடலாமா?"
(வாசகி, திண்டுக்கல்)

விடாதீர்கள் அம்மா. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை, அதற்கப்புறம் கதவு சாத்திவிடும் என்பது உண்மையில்லை. ஒரு வருடம் கழித்து நடை திருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தோள். கை விழுந்த ஆரம்ப நாட்களில் தசை தளர்ந்து போய், கையின் எடையே தோள் மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நேரத்தில் அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்ப அந்தக் கையைப் பிடித்து இழுத்திருந்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருந்தாலோ தோள் மூட்டு புண்பட்டிருக்கும். யார் மேலும் தப்பு இல்லை, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இனி தூக்கும்போது இடுப்பையும் முதுகுப்பக்கம் தோள்பட்டை எலும்பையும் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு தலையணை மேல் இருக்கட்டும், கை தொங்கக் கூடாது. இன்னொன்று, நம் ஊரில் உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து, விழுந்த கையை மேலே தூக்க வைப்பார்கள். வீட்டில் அப்படி ஏதாவது கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். பக்கவாதத் தோளுக்கு அது வலியைக் கூட்டும் என்று ஆய்வுகளில் தெரிந்து, சர்வதேச வழிகாட்டு நெறிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பயிற்சி அது. கை இறுக்கத்துக்கு மாத்திரையும் ஊசியும் உண்டு, அதை நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடுத்து, யார் வருவார்கள் என்பது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவரும், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க ஒரு நோய் ஆதரவு சிகிச்சை செவிலியரும் உண்டு, வீட்டுக்கே வருவார்கள். உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அம்மாவிடம் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அவரைத் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே போய், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்து, 'வீட்டுக்கு வந்து பிசியோ செய்யும் பட்டியலில் சேருங்கள்' என்று கேளுங்கள். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் என்பதால் வாரத்துக்கு மூன்று நாள் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அவர் வரும் நாளில் செய்வதை முழுக்க மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மறுமுறை வரும்போது நீங்கள் செய்து காட்டுங்கள், தப்பைத் திருத்துவார். அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அங்கே காசு இல்லை. டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் கிடையாது, அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிட்டால் அவருக்கும் கிடையாது.

அந்த 'பிசியோதெரபி செய்யவும்' என்ற ஒரு வரிதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எத்தனை நாள் என்று எழுதுகிறார்கள். பயிற்சிக்கும் அப்படித்தான் எழுதவேண்டும்: எது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம், அப்புறம் யாரிடம் காட்டுவது. இதைப் படிக்கும் எவர் வீட்டிலாவது நோயாளி இப்போது மருத்துவமனையில் இருந்தால், பில் கட்டும் முன் இந்த நாலையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"வீட்டில் இருப்பவர்களுக்கே பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமே. பிசியோ எதற்கு? அரசுக்கும் செலவு மிச்சம், மக்களுக்கும் மிச்சம்."
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, உங்களைப் போலவே யோசித்த மருத்துவர்கள் இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்று அந்த ஆய்வுக்குப் பெயர், 2017இல் லான்செட் இதழில் வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு கூடுதலாக, வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு மாதம் வரை வீட்டிலும் தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் முடியாதவர்களும் சேர்ந்து இந்தப் பக்கமும் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த முடிவு வந்தபோது என் துறையில் பலருக்கு வருத்தம், ஏனென்றால் ஆள் பற்றாக்குறைக்கு இதுதான் மலிவான வழி என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பக்கவாதம் வந்த வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் யார்? மனைவி, மகள், மருமகள். சமைத்து, ஊட்டி, துடைத்து, துணி மாற்றி, இடையில் கூலி வேலைக்கும் போய்வருகிற பெண்ணின் கையில் ஒரு பயிற்சி அட்டையையும் கொடுத்து 'இனி உன் பொறுப்பு' என்று சொல்வதை நான் சிக்கனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குடும்பமே ஒன்றும் செய்யவேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மேலே திண்டுக்கல் வாசகிக்குச் சொன்னபடி, குடும்பம் செய்யவேண்டும், படித்தவர் அடிக்கடி பார்த்துத் திருத்தவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு செய்வது என்பதிலேயே எத்தனை நுணுக்கம் இருக்கிறது பாருங்கள். 'சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டால் சீக்கிரம் குணமாகும்' என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்துச் செய்த அவர்ட் ஆய்வு 2015இல் வந்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக அளவில் பயிற்சி கொடுத்தவர்கள்தான் மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, என்று இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் ஒரு மருமகள் எப்படித் தெரிந்துகொள்வார்?

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே நடக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக அவர்கள் உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அந்தப் பணியாளர் கையில் ஒரு டேப்லெட், குழந்தையின் நிலையை அதில் பதிந்தால் பின்னால் இருக்கும் பிசியோவும் மற்ற சிகிச்சையாளர்களும் பார்த்து வழிசொல்கிறார்கள். சம்பளம் வாங்கும் ஆள், மேற்பார்வை, பதிவு மூன்றும் அங்கே இருக்கின்றன. அட்டெண்ட் ஆய்வில் சேர்ந்த வீடுகளில் சம்பளமும் ஓய்வும் இல்லாத ஒருவர்தான் எல்லாம்.

"மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை செய்தபோது பில் முழுக்கக் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி, அப்புறம் நடக்கவைத்த பிசியோவின் பில்லை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டது. ஏன்?"
(வாசகர், கோயம்புத்தூர்)

பெரும்பாலான பாலிசிகள் கட்டிலைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவமனையில் படுத்தால் காசு. படுக்காமல் வெளிநோயாளியாகப் போய்வந்தால், தனியாக ஓ.பி. கவர் எடுத்திருந்தாலொழிய, காசு இல்லை. பிசியோதெரபியோ பெரும்பாலும் கட்டிலை விட்டு எழுந்த பிறகு நடக்கிற சிகிச்சை.

உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்து 'விலக்குகள்' பகுதியில் ஐந்தாவது குறியீட்டை (Excl05) பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த விலக்கு அது. ஓய்வுக்காகப் படுக்கையில் இருத்தல், மறுவாழ்வுச் சிகிச்சை, தற்காலிகப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டிருக்கிறார்கள். உள்ளே படித்தால், சிகிச்சைக்காக இல்லாமல் முக்கியமாக ஓய்வுக்காக அட்மிட் ஆவதைத்தான் விலக்குகிறது. ஆனால் தலைப்பில் மறுவாழ்வுச் சிகிச்சை என்ற சொல் இருப்பதால் பிசியோ பில்லைப் பார்த்தவுடன் அந்தக் குறியீட்டைக் காட்டி நிராகரிப்பது நடக்கிறது. உங்களுக்கு வந்த கடிதத்தில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதுவாக இருந்தால் எதிர்த்து எழுத உங்களுக்கு இடம் இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பகுதி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள், சில பாலிசிகளில் 90, 180 நாள் வரை போகும். அந்த நாட்களுக்குள், அதே நோய்க்காக, சிகிச்சை செய்த மருத்துவரே எழுதிக்கொடுத்த பிசியோ என்றால் கோர வழியுண்டு. அதனால் மூன்று காகிதம் கையில் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே 'முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு இத்தனை வாரம் பிசியோதெரபி அவசியம்' என்ற வரி, தேதிவாரியாகப் பிரித்துப் போட்ட பில், பில் கொடுப்பவரின் படிப்பும் பதிவு எண்ணும் கையெழுத்தும். மொத்தமாக '15 சிட்டிங் 7,500' என்று போட்ட பில் நிற்காது. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டிலும் மூட்டு மாற்று அறுவைக்கு இடம் இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இன்னுயிர் காப்போம் திட்டம் பார்த்துக்கொள்கிறது, அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். எலும்பைச் சேர்க்கவும் உயிரைக் காக்கவும் அரசு இவ்வளவு செலவழிக்கும்போது, அந்த ஆள் திரும்ப வேலைக்குப் போகும் அளவுக்கு நடப்பதற்கான ஆறு வாரச் செலவு அதில் ஒரு சிறு பங்குகூட வராது. அதையும் அதே தொகுப்பில் சேர்க்கவேண்டும் என்பது என் பல வருடக் கோரிக்கை.

"முதுகுவலிக்கு 20 சிட்டிங் கரண்ட் வைத்தேன். வைக்கும்போது இதமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் பழையபடி வலி. மெஷின் சரியில்லையா?"
(நெசவாளர், சென்னிமலை)

மெஷின் சரியாகத்தான் இருக்கும். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016லேயே முதுகுவலிக்கு அல்ட்ராசவுண்ட், நீங்கள் 'கரண்ட்' என்று சொல்லும் டென்ஸ், ஐ.எஃப்.டி., இழுவைச் சிகிச்சை எதுவும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டது. பயிற்சி கொடுங்கள், நடமாடச் சொல்லுங்கள், தேவையென்றால் பயிற்சியோடு சேர்த்து, மூட்டையும் தசையையும் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை கொடுங்கள் என்பதுதான் அதன் வழி. 20 சிட்டிங்கில் உங்களுக்கு ஒரு பயிற்சிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் உங்களுக்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் இன்னும் கரண்ட் வைக்கிறார்கள்? ஒரு பிசியோ ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மெஷின் மாட்டிவிடலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவருடன் அரை மணி நேரம் உட்காரவேண்டும். சிட்டிங்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரைப் பார்க்கவேண்டிய இடத்தில், எது நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நோயாளிகளும் கரண்ட் வைக்காவிட்டால் 'ஒண்ணுமே பண்ணல' என்று வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சிக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்குப் பிசியோதெரபி. ஒரு வருடம் கழித்து வலி, விறைப்பு, நடமாட்டத்தை அளக்கும் மதிப்பெண் (கூடினால் மோசம்) ஊசிக்காரர்களுக்கு 55.8, பிசியோக்காரர்களுக்கு 37. 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது.

தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் உங்களுக்கு முதல் வேலை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்து, பின்பக்கமாக மெதுவாகப் பத்துத் தடவை வளைவது. அதில் காலுக்கு வலி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். மற்றதை நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும். அடுத்த முறை எந்த சென்டருக்குப் போனாலும், 'நான் வீட்டில் என்ன செய்யவேண்டும்' என்று முதல் நாளே கேளுங்கள், பதில் வராவிட்டால் வந்துவிடுங்கள்.

"டாக்டர் சீட்டு இல்லாமல் நேரே பிசியோவிடம் போகலாமா?"
(வாசகி, திருச்சி)

போகலாம். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலேயே, பட்டம் பெற்ற இயன்முறை சிகிச்சையாளர் தனியாகவும் தொழில் செய்யலாம், குழுவோடு சேர்ந்தும் செய்யலாம் என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1976இலிருந்தே இப்படித்தான். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஏதோ ஓர் அளவில் அனுமதி உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனை மாறும்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் முதலில் மருத்துவர்தான்: முதுகுவலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் வந்தது, இரவில் தூங்கவிடாத வலி. நல்ல பிசியோ இதையெல்லாம் தானே கேட்டு, தேவையென்றால் தானே அனுப்பிவைப்பார். ஒன்றும் கேட்காமல் படுக்கச் சொன்னால் யோசியுங்கள். படிப்பையும் கேளுங்கள், ஆறு மாத சர்டிபிகேட் வைத்துக்கொண்டு 'பிசியோ' என்று போர்டு மாட்டியிருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"பிசியோதெரபிஸ்ட் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா, கூடாதா?"
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்)

2025 ஏப்ரலில் வந்த பிசியோதெரபிக்கான தேசியப் பாடத்திட்டம், பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் பி.டி. என்று போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. செப்டம்பர் 9ஆம் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கூடாது என்று கடிதம் எழுதியது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. நோயாளிக்கு எதிரே இருப்பவர் என்ன படித்தவர் என்று தெளிவாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான் என் கருத்து. இந்தச் சண்டைக்குச் செலவான நேரத்தில் பாதியை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிசியோ பணியிடம் கேட்கச் செலவழித்திருந்தால் இரண்டு தரப்புக்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

"மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) சேரவேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?"
(வாசகர், தஞ்சாவூர்)

புதிய பாடத்திட்டப்படி ஒரு வருடப் பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்து வருடம், முன்பு நாலரை வருடமாக இருந்தது. படிப்பு நல்ல படிப்பு. வேலை விஷயத்தில் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் படித்த படிப்புக்குத் தகுந்ததாக இல்லை, அரசுப் பணியிடங்கள் குறைவு, ஒப்பந்த வேலைதான் அதிகம். அதனால் படித்து முடித்தவுடன் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக வழிதேடுகிறார்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2020இல் வந்த ஒரு கணக்குப்படி, மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நோயோ குறைபாடோ உள்ளவர்கள் உலகத்தில் 241 கோடிப் பேர். நம்மைப் போன்ற நாடுகள் சிலவற்றில் தேவைப்படுவோரில் பாதிக்கு மேல் இது கிடைப்பதேயில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் மறுவாழ்வுச் சிகிச்சையை ஆரம்ப சுகாதாரம் வரை கொண்டுபோகவேண்டும் என்று தீர்மானமே போட்டது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர், பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தை 1966இலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார். இந்தத் துறை நமக்குப் புதிதில்லை. தேவை இந்தப் பக்கம் குவிந்து கிடக்கிறது, படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலை தேடுகிறார்கள், நடுவில் சம்பளம் கொடுக்கிற பணியிடம்தான் இல்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பிசியோ என்று வைத்தாலே நிலைமை தலைகீழாக மாறும்.

மகளுக்கு மனிதர்களோடு பொறுமையாக உட்காரும் குணம் இருந்தால் சேருங்கள். சேரும் முன் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை உண்மையில் இருக்கிறதா, அதில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கட்டடத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

"மகனுக்கு இரண்டு வயது, மூளை முடக்குவாதம். தெரபிக்கு நாற்பது கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் கூலி போகிறது."
(தாய், திண்டிவனம் அருகே)

அம்மா, பக்கத்திலேயே சில இடங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று இருக்கும், பிறந்ததிலிருந்து 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள், பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற சேவை மையங்களைத் திறந்து வருகிறார்கள், ஊர்களுக்கு வரும் சிகிச்சை வண்டியும் உண்டு. உங்கள் தாலுகாவுக்கு வந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளி வயது வந்ததும் வட்டார வள மையத்தில் பிசியோ கிடைக்கும். அங்கன்வாடி ஊழியரிடம் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.

அடையாள அட்டை வரட்டும் என்று தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டை உதவித்தொகைக்கு வேண்டும், சிகிச்சைக்கு அது இல்லாமலே போகலாம். மூன்று நாள் போவதை ஒரு நாளாகக் குறைத்து, மீதி நாட்களுக்கு வீட்டில் செய்யும்படி எழுதித் தரமுடியுமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது பிள்ளையை எப்படி உட்காரவைப்பது என்பதுதான் முதலில் கற்கவேண்டியது, அது தினமும் நடக்கிற வேலை என்பதால் தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதில்லை.

"எனக்கு வயது 71, தனியாக இருக்கிறேன். போன வருடம் பாத்ரூமில் விழுந்தேன். திரும்ப விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வைத்துப் பயிற்சி செய்ய வசதியில்லை."
(வாசகி, காரைக்குடி)

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உங்களைப் போன்ற வயதான பெண்களை வைத்துத்தான் முதலில் இந்தப் பயிற்சியை உருவாக்கினார்கள், கால் வலுவும் நிலைதடுமாறாமல் நிற்பதும் சேர்ந்தது. அதைச் செய்தவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதிலிருந்து உங்களுக்கு இரண்டு மட்டும் சொல்கிறேன்.

கைப்பிடி உள்ள நாற்காலியை அதன் முதுகு சுவரில் ஒட்டும்படி போடுங்கள், எழும்போது நாற்காலி நகரக் கூடாது. பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, முன்னால் குனிந்து எழுங்கள், மெதுவாக உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து தடவை, காலையும் மாலையும். கை ஊன்றாமல் வரும்போது பத்தாக்குங்கள். இரண்டாவது, சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து பத்து எண்ணும் வரை நிற்பது, அப்புறம் கால் மாற்றி. ஆடாமல் நிற்க முடிகிறபோது ஒரு கையை விடுங்கள், இரண்டையும் விடவேண்டாம். தலைசுற்றல் இருந்தாலோ, எழுந்தவுடன் கண் இருட்டினாலோ பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் பிரஷர் மாத்திரையை மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பாத்ரூமில் கழிப்பறைப் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி போட பிளம்பரைக் கூப்பிடுங்கள், துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்காதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது.